குழுக் கடன் வசூல்: எந்த மனு எந்த அலுவலகத்துக்கு?

கேட்கப்பட்டது இதுதான். முக்கூடல் பக்கம் ஒரு தெரு. அம்மா பீடி சுற்றுகிறார். பத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு நிதி நிறுவனத்தில் தலைக்கு 50,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். அதில் ஒரு அக்காவின் கணவர் இறந்துபோனார். இரண்டு மாதமாக அவரால் தவணை கட்ட முடியவில்லை. வசூலுக்கு வருகிற ஆள் மற்ற ஒன்பது பேரையும் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, "காசு வராம யாரும் எந்திரிக்கக் கூடாது" என்று இரவு எட்டு மணி வரை நிறுத்தி வைக்கிறார். எல்லாருக்கும் சிபில் போய்விடும், பிள்ளைகளுக்குப் படிப்புக் கடன்கூடக் கிடைக்காது என்கிறார். இதைச் சமாளிக்க அம்மா உள்ளூரில் ஒருவரிடம் தண்டலுக்கு (தினம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டும் வட்டிக் கடன்) 10,000 வாங்கி, எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். திங்கள்கிழமை கலெக்டரிடம் மனு கொடுக்கலாமா, போலீசுக்குப் போகலாமா, ரிசர்வ் வங்கிக்கு எழுதலாமா?

மூன்றுக்குமே வேலை இருக்கிறது. ஆனால் ஒரே மனுவை மூன்று இடத்திலும் கொடுத்தால் ஒரு இடத்திலும் வேலை நடக்காது. உங்கள் வீட்டில் இரண்டு கடன் இருக்கிறது. ஒன்று ரிசர்வ் வங்கியின் பதிவு பெற்ற நிறுவனம் கொடுத்தது, மற்றது தனிமனிதர் கொடுத்தது. இரண்டுக்கும் சட்டம் வேறு, அதிகாரி வேறு. இதைக் கலந்து "கந்துவட்டிக் கொடுமை" என்று ஒரே தாளில் எழுதி, நெல்லை கலெக்டர் ஆபீஸ் இருக்கும் கொக்கிரகுளத்தில் கொடுத்தால், மனு கலெக்டர் ஆபீசிலிருந்து முன்னோடி வங்கி மேலாளருக்கும், அங்கிருந்து நிறுவனத்துக்கும், இன்னொரு நகல் காவல் நிலையத்துக்கும் போகும். கடைசியில் "மனுதாரருக்குத் தகுந்த அறிவுரை வழங்கப்பட்டது" என்று ஒரு பதில் வரும். வங்கியில் வேலை பார்த்த காலத்தில் இந்த வகைப் பதில்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

கலெக்டரால் ஏன் நிதி நிறுவனத்தின் வட்டியைக் குறைக்க முடியாது என்று பலருக்குக் கோபம் வரும். அரசியல் சட்டத்தில் வங்கித் தொழில் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. வட்டிக்குப் பணம் கொடுப்பதும் கொடுப்பவர்களும் மாநிலப் பட்டியலில். ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனம் இதில் எந்தப் பக்கம் என்று வெகுகாலம் வழக்கு நடந்தது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், கேரளத்து வழக்கு ஒன்றில், அப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு மாநிலத்தின் வட்டித்தொழில் சட்டங்கள் பொருந்தாது, அவை ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில்தான் வரும் என்று முடித்துவிட்டது. ஆக, வட்டி விகிதம் பற்றிய சண்டைக்குக் கொக்கிரகுளத்தில் பலன் கிடைக்காது. ஆனால் ஒரு ஆள் வீட்டில் வந்து மிரட்டுவது வட்டி விஷயம் அல்ல. அது காவல் துறையின் வேலை. நிறுவனம் பதிவு பெற்றதா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். உங்கள் அம்மா இருப்பது மகளிர் சுய உதவிக் குழு அல்ல. சுய உதவிக் குழு என்றால் உறுப்பினர்கள் சேமித்து, தீர்மானம் போட்டு, வங்கியில் குழுவின் பெயரில் கணக்கு வைத்து, குழுவின் பெயரில் கடன் வாங்குவார்கள். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வரும் குழு என்றால் 3 லட்சம் வரை வங்கி வட்டி 7 சதவீதம்தான். நீங்கள் சொல்வது கூட்டுப் பொறுப்புக் குழு. கடன் ஒவ்வொருத்தர் பெயரிலும் தனித்தனியாக இருக்கும், ஒருவருக்கொருவர் ஜாமீன். ஊரில் இரண்டுக்குமே "குழு லோன்" என்றுதான் பெயர். அதனால்தான் 2021இல் தமிழக அரசு கூட்டுறவுச் சங்கங்களில் இருந்த சுய உதவிக் குழுக் கடன்களைத் தள்ளுபடி செய்தபோது, தனியார் நிறுவனத்தில் வாங்கியவர்களும் "நமக்கும் தள்ளுபடிதானே" என்று கட்டாமல் விட்டு மாட்டிக்கொண்டார்கள். கூட்டுறவுக் கடனை அரசு தள்ளுபடி செய்தால், அந்தப் பணத்தை அரசே சங்கத்துக்குக் கொடுக்கும். தனியார் நிறுவனத்தின் கடனை அப்படி எந்த அமைச்சரும் மேடையில் நின்று இல்லாமல் ஆக்கிவிட முடியாது. தேர்தல் நேரத்தில் யார் என்ன சொன்னாலும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தொகை கொடுத்தால் கடன் தள்ளுபடிச் சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்று கிளம்பியவர்களும் உண்டு. அவர்களை நம்ப வேண்டாம் என்று 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது.

சரி, நிறுவனக் கடனுக்கு வருவோம். முதலில் அம்மாவிடம் இருக்கிற கடன் அட்டையை எடுங்கள். சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருப்பார்கள், அல்லது குழுவை நடத்தும் பெண்ணான சென்டர் லீடர் கையில் மொத்தமாக இருக்கும். அது கடன் வாங்கியவரின் கையில்தான் இருக்க வேண்டும். அவருக்குப் புரிகிற மொழியிலும் இருக்க வேண்டும். அதில் நிறுவனத்தின் முழுப் பெயர், கடன் எண், வட்டி, கட்டணங்கள், கட்டிய தவணைகள், புகார் கொடுக்க வேண்டிய அதிகாரியின் விவரம் எல்லாம் இருக்கும். இது இல்லாமல் ஒரு மனுவும் எழுத வேண்டாம்.

அட்டையில் முதலில் தேட வேண்டியது வட்டியை அல்ல, காப்பீட்டை. பல நிறுவனங்கள் கடன் கொடுக்கும்போதே கடன் வாங்கும் பெண்ணுக்கும் அவர் கணவருக்கும் சேர்த்து ஆயுள் காப்பீடு எடுத்து, பிரீமியத்தைக் கையில் தரும் தொகையிலேயே பிடித்துவிடும். 50,000 என்று கையெழுத்து வாங்கிவிட்டுக் கணக்கில் அதைவிடக் குறைவாக ஏற்றினார்கள் அல்லவா, பிடித்ததில் ஒரு பகுதி செயலாக்கக் கட்டணம், இன்னொரு பகுதி இந்தக் காப்பீடாக இருக்கலாம். அந்த அக்காவின் அட்டையில் கணவர் பெயரும் காப்பீட்டில் இருந்தால், மீதிக் கடனைக் கட்ட வேண்டியது காப்பீட்டு நிறுவனம். அந்த அக்காவும் அல்ல, மற்ற ஒன்பது பேரும் அல்ல. பேரூராட்சியில் இறப்புச் சான்றிதழ் வாங்கி, ஆதார், வங்கிப் பாஸ்புக், கடன் அட்டை நகல்களோடு கிளை அலுவலகத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரையுடன் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வசூலுக்கு வருகிற பையன் இதைத் தானாகச் சொல்லுவான் என்று எதிர்பார்க்காதீர்கள். அவனுக்கு அன்றைய வசூல்தான் கணக்கு. உரிமை இருப்பதே தெரியாமல் புருஷன் செத்த பிறகும் பீடிக் கூலியில் தவணை கட்டிக்கொண்டிருக்கும் பெண்களை நான் அறிவேன். இத்தனை விதிகளில் எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

இனி அந்தத் திண்ணை விவகாரம். நுண்கடன் பற்றி ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் விதித்து, ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் இருக்கின்றன. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஈடு இல்லாமல் கொடுக்கும் கடனுக்கெல்லாம் அவை பொருந்தும். கொடுத்தது வங்கியானாலும் சரி, நிதி நிறுவனமானாலும் சரி. வசூலை இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் செய்ய வேண்டும். கடன்தாரர் அடுத்தடுத்து இரண்டு முறை அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ போகலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. திட்டக் கூடாது, மிரட்டக் கூடாது. பெயரை ஊருக்குள் பரப்பக் கூடாது. உறவினர், நண்பர், உடன் வேலை செய்பவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று பொய் சொல்லிப் பயமுறுத்துவதும் தடை செய்யப்பட்டதுதான். தன் ஊழியர் செய்வதற்கும், வெளியாளை வைத்து வசூலித்தால் அந்த ஆள் செய்வதற்கும் நிறுவனமே பொறுப்பு. நீங்கள் எழுதியதில் குறைந்தது மூன்று மீறல்கள் இருக்கின்றன: நேரம், ஒன்பது பேரை உட்கார வைத்தது, படிப்புக் கடன் மிரட்டல்.

பீடி சுற்றுகிறவர்களுக்கு இந்தச் சாயங்கால நேரம் சும்மா போகிற நேரமும் அல்ல. இலையை நனைத்து, மறுநாளைக்கு வெட்டி வைப்பதும், சுற்றியதை எண்ணிக் கட்டுக் கட்டுவதும் அப்போதுதான். மூன்று மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்தால் மறுநாள் கடையில் கொடுக்கிற பீடி குறையும், கூலி குறையும், அடுத்த தவணைக்கும் இடிக்கும். புகாரில் இதையும் ஒரு வரி எழுதலாம்.

ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறோமே என்பீர்கள். போட்டிருந்தால், நிறுவனம் கேட்க வேண்டிய முறையில் கேட்கலாம்: நோட்டீஸ், அதற்குப் பிறகு சிவில் நீதிமன்றம். வீட்டுத் திண்ணை அந்த வரிசையில் எங்கேயும் இல்லை.

சிபில் பயம் பற்றி. உங்கள் அம்மாவின் கடன் வரலாற்றில் ஏறுவது அவர் பெயரில் இருக்கும் கடனை அவர் எப்படிக் கட்டினார் என்பதுதான். அந்த அக்கா கட்டாததற்கு உங்கள் பெயரிலோ உங்கள் படிப்புக் கடனிலோ கறை விழாது. ஒரு ஆபத்து மட்டும் உண்டு. "பத்துப் பேர் காசும் சேர்ந்தால்தான் வாங்குவேன்" என்று வசூல்காரர் அம்மாவின் தவணையைத் திருப்பிவிட்டால், அம்மா கணக்கும் பாக்கி என்று ஏறிவிடும். அதனால் அம்மா தன் தவணையை யூபிஐ வழியாகவோ கிளைக்கே போயோ கட்டி ரசீது வாங்கட்டும். சிபில், க்ரிஃப் ஹைமார்க், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ் என நான்கு நிறுவனங்கள் இந்தக் கணக்கை வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாக எடுக்கலாம். தவறு இருந்து, புகார் கொடுத்து 30 நாளில் திருத்தவில்லை என்றால், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது விதி.

புகாரை முதலில் நிறுவனத்துக்குத்தான் எழுத வேண்டும். இந்தப் படியைத் தாண்டி நேராக ரிசர்வ் வங்கிக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கதை எழுத வேண்டாம். "கடன் எண் இன்னது, சென்டர் இன்னது. 12ஆம் தேதி மாலை 5.15 முதல் 8.10 வரை உங்கள் ஊழியர் இன்னார் வீட்டு வாசலில் எங்கள் ஒன்பது பேரையும் போகவிடாமல் வைத்திருந்தார். இன்னின்ன வார்த்தை சொன்னார். 6 மணிக்குப் பின் இன்னின்ன நேரத்தில் போன் செய்தார்." இவ்வளவு போதும். போனில் வந்த அழைப்புகளின் பட்டியல், வாட்ஸ்அப் செய்தி, யாராவது எடுத்த வீடியோ இருந்தால் இணையுங்கள். ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால், தள்ளிப்போடாமல் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் புகார் செய்யலாம். 2021 நவம்பரில் வந்த ஏற்பாடு இது. இணையத்தில் போடலாம், சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம். நுண்கடன் நிறுவனங்களுக்கு எம்ஃபின், சா-தன் என்று ரிசர்வ் வங்கி அங்கீகரித்த இரண்டு சுய ஒழுங்கு அமைப்புகள் உண்டு. உங்கள் நிறுவனம் எதில் உறுப்பினர் என்று பார்த்து அங்கேயும் ஒரு நகல் போடுங்கள். என் அனுபவத்தில் சில நேரம் அந்த நகல்தான் முதலில் வேலை செய்யும்.

வட்டியைப் பற்றி ஒன்று மட்டும். நுண்கடன் வட்டிக்கு ரிசர்வ் வங்கி முன்பு உச்சவரம்பு வைத்திருந்தது. 2010இல் ஆந்திராவில் நுண்கடன் தொழில் நெருக்கடியில் வெடித்துச் சிதறியதைத் தொடர்ந்து வந்த வரம்பு அது. 2022இல் அதை எடுத்துவிட்டார்கள். அநியாய வட்டி கூடாது, எல்லாச் செலவும் சேர்த்த ஆண்டு வட்டியை விவரத் தாளில் காட்ட வேண்டும், அவ்வளவுதான் இப்போது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கூட்டத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர் விவரத் தாளைப் படித்துப் பார்த்து நிறுவனத்தை மாற்றிக்கொள்வார் என்று டில்லியிலும் மும்பையிலும் இருந்துகொண்டு நம்பலாம். வசூல்காரர் "வட்டி 13 தான்" என்று சொல்லியிருப்பார். 50,000 ரூபாய்க்கு 24 மாதம், மாதம் சுமார் 2,643 என்றால், மொத்தம் 63,400க்கு மேல் கட்டுகிறீர்கள். 13,400 சொச்சத்தை இரண்டு வருடத்துக்கு வகுத்தால் 13 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது 24 சதவீதம். கட்டணங்களைச் சேர்த்தால் இன்னும் கூடும். இடையில் பணம் கிடைத்து முன்கூட்டியே முடித்தால் அதற்கு அபராதம் எதுவும் வாங்கக் கூடாது.

இப்போது தண்டல்காரர். 10,000 என்று சொல்லி 8,500 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் என்று வைத்துக்கொண்டால், ஆண்டு வட்டி 120 சதவீதத்தைச் சுற்றி வரும். நிறுவனக் கடன் வட்டி அதற்குப் பக்கத்தில்கூட வராது. இங்கே ரிசர்வ் வங்கிக்கு வேலையே இல்லை. இது முழுக்க மாநிலச் சட்டம். 1957ஆம் ஆண்டு வட்டித்தொழில் சட்டப்படி வட்டிக்குக் கொடுப்பவருக்கு உரிமம் வேண்டும். அரசு நிர்ணயித்த வட்டி, ஈடு உள்ள கடனுக்கு ஆண்டுக்கு 9 சதவீதம், ஈடு இல்லாததற்கு 12. ஊரில் நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் என்றால் அந்த 12 வந்துவிடும். அதற்கு மேல் போவது எல்லாம் சட்டத்துக்கு வெளியே. 2003இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடை செய்கிறது. 3 ஆண்டு வரை சிறை, 30,000 வரை அபராதம். அதில் பலருக்குத் தெரியாத ஒரு வழியும் இருக்கிறது: நியாயமான வட்டியோடு கணக்குப் போட்டு, பாக்கித் தொகையை நீதிமன்றத்தில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கேட்கலாம். 2025இல் இன்னொரு சட்டமும் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கடன் வசூலில் மிரட்டல், பின்தொடர்தல், இடையூறு செய்தால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும் என்கிறது.

சட்டம் இருந்தும் நெல்லையில் என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கலாம். 2017 அக்டோபர் 23, ஒரு திங்கள்கிழமை. கந்துவட்டிப் புகாரோடு பலமுறை மனு கொடுத்தும் பலனில்லாமல் ஒரு குடும்பமே கலெக்டர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்தது. கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். அதற்குப் பிறகு மனு நாளில் பையைத் திறந்து சோதிப்பது கடுமையானது. மனுவைத் திறந்து படிப்பதும் அதே அளவு கடுமையாகியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டில் யாராவது மனம் விட்டுப் பேசுவது மாறி, ஒரு மாதிரியாகப் பேச ஆரம்பித்தால் மனுவெல்லாம் அப்புறம். முதலில் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்து பேச வையுங்கள்.

ஆகவே போலீசுக்குக் கொடுக்கும் மனுவில் வட்டிக் கொடுமை என்று பொதுவாக எழுதாமல், கையில் வாங்கிய தொகை, தேதி, இதுவரை கட்டியது, கொடுத்த காசோலை எண், சொன்ன மிரட்டல் இவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். நிலையத்தில் மனு ஏற்புச் சான்றான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். தரவில்லை என்றால் மாவட்ட எஸ்.பி. அலுவலகம். திங்கள்கிழமை கலெக்டர் மனு இந்த இடத்தில்தான் உதவும்: சி.எஸ்.ஆர். நகலை இணைத்து, நடவடிக்கை இல்லை என்று கொடுத்தால் அதற்கு யாராவது பதில் எழுதியாக வேண்டும். காசோலையை வைத்து அவர் வழக்குப் போடுவார் என்ற பயம் நியாயமானது. அதனால்தான் அவருக்கு முன்னால் உங்கள் புகார் பதிவாகியிருக்க வேண்டும். வங்கியில் அந்தக் காசோலையை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுப்பது மட்டும் போதாது. பணம் இல்லை என்று திரும்பினாலும், நிறுத்தச் சொன்னதால் திரும்பினாலும் வழக்கு வரலாம். நோட்டீஸ் வந்தால் 15 நாளுக்குள் பதில் கொடுத்தாக வேண்டும். அதற்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. தொலைபேசி எண் 15100.

கடைசியாக, அம்மாவின் பி.எப். பணத்தில் முன்பணம் எடுத்து எல்லாவற்றையும் அடைத்துவிடலாமா என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அம்மாவின் சொந்த நிறுவனக் கடனுக்கும் அந்த அக்காவின் தவணைக்கும் அதைத் தொடாதீர்கள். காப்பீட்டு விஷயம் தெரியும் முன் மற்றவர் தவணையை ஒரு ரூபாய் கூடக் கட்ட வேண்டாம். தண்டலை மட்டும், நியாயமாகக் கணக்குப் போட்ட தொகைக்கு, காசோலையைத் திருப்பி வாங்கிக்கொண்டு, இரண்டு பெரிய மனிதர்கள் முன்னிலையில் எழுதி வாங்கி முடிக்க வழியிருந்தால் முடித்துவிடுங்கள். காசோலை கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள்.